மாமனாரின் கேஸ் கட்டுகள் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் மதுரைப் பக்கம் பிறந்தவர். கணவர் அந்த ஊர்க்காரர், வெள்ளையர், பொறியாளர். கணவரின் குடும்பம் 1850களிலிருந்து ஐந்து தலைமுறையாக அங்கே வக்கீல் தொழில் செய்தது. மாமனாரோடு அந்த வரிசை முடிந்துவிட்டது. அவர் 12 ஆண்டுகளுக்கு முன் தொழிலை நிறுத்தினார், போன வருடம் 88 வயதில் காலமானார். கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் பழைய அலுவலகம் இன்னும் 3 மாதத்தில் கைமாறுகிறது. மாடியில் 70க்கு மேல் அட்டைப் பெட்டிகள், இரண்டு இரும்பு அலமாரிகள், ஒரு பெட்டகம். கேஸ் கட்டுகள், சர்வே வரைபடங்கள், கவர்னர்களும் செனட்டர்களும் எழுதிய கடிதங்கள், குடும்பக் கடிதங்கள். பெட்டகத்துக்குள் ஒட்டிய உறைகளில் 40 சொச்சம் உயில்கள்.

ஒரு பழைய கட்டில், 1857-ல் இறந்த ஒரு பண்ணையாரின் சொத்து அட்டவணை இருக்கிறது. கோவேறு கழுதைகளுக்கும் பருத்தி அரவை இயந்திரத்துக்கும் நடுவே 23 மனிதர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டாலரில் ஒரு விலை. இன்னொரு பெட்டியில், கணவரின் தாத்தா கவுண்டி (மாவட்டம் மாதிரி) வக்கீலாக இருந்த காலத்தில், கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கூடாது என்று இயங்கிய வெள்ளையர் குடிமக்கள் கவுன்சிலோடு நடத்திய கடிதப் போக்குவரத்து. கூடவே, வாக்காளர் பதிவுக்கு மனு செய்து நிராகரிக்கப்பட்ட கறுப்பின மக்களின் பட்டியல் ஒன்று.

“இவை இரண்டையும் கொளுத்திவிடலாம்” என்கிறார் நாத்தனார். கவர்னர் கடிதங்களை இபேயில் விற்கலாம் என்கிறான் நாத்தனார் மகன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்கிறார் கணவர். சகோதரி கேட்பது இது: “கட்சிக்காரர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள்தானே, இனி ரகசியம் என்ன இருக்கிறது? யாரிடம் கொடுப்பது? வீட்டுக்கு வந்த மருமகள் நான், இதில் வாய் திறக்கலாமா?”

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாய் திறக்கலாம். மாமனாரின் உயில்படி எல்லாம் உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் சரிபாதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவர்கள் இருவரும்தான். ஆனால் அந்த 23 பெயர்களை உட்கார்ந்து எண்ணியவர் நீங்கள். குடும்பத்தில் வேறு யாரும் அதைச் செய்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து படித்தவருக்குப் பேச ஒரு நியாயம் உண்டு.

நான் பத்து வருடம் உயில், வாரிசுரிமை வழக்குகளைப் பார்த்த வக்கீல். அப்புறம் ஆவணக் காப்பகத் துறைக்கு வந்தேன். இந்த இரண்டு வேலைகளும் எனக்குக் காட்டிய ஒன்றைச் சொல்கிறேன். நாத்தனார், அவர் மகன், உங்கள் கணவர் மூவரும் மூன்று வழி சொல்கிறார்கள். ஆனால் மூவரும் நம்புவது ஒன்றைத்தான்: மாடியில் இருப்பதெல்லாம் குடும்பச் சொத்து. அது சரியில்லை. ஒரு வக்கீல் வீட்டுக் காகிதத்தில் பெரும்பகுதி பிறத்தியார் வாழ்க்கை. குடும்பக் கடிதங்கள், டைரிகள், புகைப்படங்கள், அலுவலகக் கணக்குப் புத்தகங்கள் உங்கள் வீட்டாருடையவை. கட்சிக்காரர் ஒப்படைத்த மூலப் பத்திரங்கள் கட்சிக்காரருடையவை, அவர் இல்லையென்றால் அவர் வாரிசுகளுடையவை. தாத்தா கவுண்டி வக்கீலாக இருந்தபோது அந்தப் பதவியின் பேரில் உருவான பதிவுகள் அரசாங்கத்துடையவையாக இருக்கலாம். நிராகரிக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் அந்த வகையில் வரக்கூடும். வீட்டு மாடியில் 60 வருடம் கிடந்ததால் அரசுப் பதிவு தனியார் சொத்தாகிவிடாது. அதை விற்றாலும் எரித்தாலும் உங்கள் கணவருக்குத்தான் சிக்கல்.

பெட்டகத்தில் இருக்கும் உயில்கள்

நாளைக்கே கை வைக்க வேண்டியது இதில்தான். உறைகளைப் பிரிக்காதீர்கள். உறைமேல் இருக்கும் பெயர், தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாமனார் 12 வருடத்துக்கு முன்புவரை தொழில் செய்தார் என்றால், இதில் சிலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள், தங்கள் உயில் வக்கீல் ஐயாவின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. அவர்களைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இறந்தவர்களின் உயில்களைப் பற்றி, உயில், வாரிசுரிமை விவகாரங்களைக் கவனிக்கும் கவுண்டியின் புரொபேட் நீதிபதி அலுவலகத்தில் பேச வேண்டும். உயில் எழுதியவர் இறந்தபின் அதைக் கையில் வைத்திருப்பவருக்குச் சட்டப்படி ஒரு கடமை வந்துவிடுகிறது. பழைய உயிலாக இருந்தாலும், பின்னால் எழுதிய உயில் ஒன்று செல்லாமல் போனால் இது உயிர்பெறக்கூடும்.

அலபாமா வழக்கறிஞர் சங்கத்தில் தொழில்நெறி ஆலோசனைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இறந்துபோன வக்கீலின் கட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. உங்கள் கணவர் ஃபோன் செய்து, பேசியதைக் கடிதமாகவும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அண்மைக்காலக் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை அந்த ஊரிலேயே லைசென்ஸ் உள்ள ஒரு வக்கீலிடம் விடுவது நல்லது. நீங்கள் படிக்கக் கூடாதவை அதில் இருக்கும்.

இறந்தவருக்கு ரகசியம் உண்டா?

உண்டு. உங்கள் கடிதத்தில் நான் அழுத்தமாகத் திருத்த விரும்பும் இடம் இது. 1993-ல் வெள்ளை மாளிகையில் துணைச் சட்ட ஆலோசகராக இருந்த வின்ஸ் ஃபாஸ்டர் தற்கொலை செய்துகொண்டார். அவரும் தெற்கத்திச் சிற்றூர்க்காரர்தான், ஆர்கன்சாவின் ஹோப் என்ற ஊர். இறப்பதற்கு 9 நாள் முன்பு தன் வக்கீலைப் பார்த்துப் பேசியிருந்தார். அந்த வக்கீல் எழுதிய மூன்று பக்கக் குறிப்பைக் கொடு என்று அரசுத் தரப்பு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1998-ல் 6க்கு 3 என்று தீர்ப்பு வந்தது: கட்சிக்காரர் இறந்தாலும் அவர் வக்கீலிடம் சொன்ன ரகசியம் இறப்பதில்லை. விதிவிலக்கு மிகச் சில. வாரிசுகளுக்குள் உயில் தகராறு வந்தால் அது ஒன்று.

சரி, அப்படியென்றால் எத்தனை வருடம்? இத்தனை ஆண்டு கழிந்தால் திறக்கலாம் என்று நாடு முழுவதற்கும் பொதுவான கெடு எதுவும் கிடையாது. மாசசூசெட்ஸில் லிஸ்ஸி போர்டன் என்ற பெண் பெற்ற தகப்பனையும் மாற்றாந்தாயையும் கொன்றதாக 1893-ல் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். அவருக்காக வாதாடியவரின் வக்கீல் நிறுவனம், நூறு வருடம் கடந்த பிறகும் அந்தக் கட்டைத் திறந்து காட்ட மறுத்தது. சரித்திரக்காரர்களுக்கு அது வயிற்றெரிச்சல். என் வக்கீல் மனதுக்கு அதன் நியாயம் புரிகிறது. ஆனால் ஆவணக் காப்பாளர் மனதுக்கு 1870-ம் வருட நிலத் தகராறுக்கும் 1995-ம் வருட விவாகரத்துக்கும் ஒரே பூட்டுப் போடுவது சரியாகப் படவில்லை.

நடைமுறையில் காப்பகங்கள் இப்படிச் செய்கின்றன: கட்சிக்காரர் கட்டுகளைத் தனியாக ஒதுக்கி, அதன் தன்மையைப் பொறுத்து 75 வருடம், 100 வருடம் என்று ஒரு கெடு வைத்து மூடி வைக்கின்றன. கோர்ட்டில் தாக்கல் செய்தவை பெரும்பாலும் ஏற்கனவே பொதுப் பதிவு, அப்படிப்பட்டவற்றை மூட வேண்டியதில்லை. குழந்தை தத்து, மனநோய், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை சம்பந்தப்பட்டவை நீண்ட காலம் மூடியிருக்கட்டும். சின்ன ஊரில் பேரன் பேத்திகள் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்கள்.

கொளுத்துவது பற்றி

நாத்தனாரைக் கெட்டவராக நினைக்காதீர்கள். அவர் படுவது வெட்கம். அந்தத் தாத்தா அவருக்கு மடியில் உட்கார வைத்துக் கதை சொன்னவராக இருப்பார். இந்த அட்டவணைக்கும் கடிதங்களுக்கும் என்ன மதிப்பு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்வதை அப்படியே அவரிடம் காட்டுங்கள்.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் எஜமானரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டும்தான், பெரும்பாலும் பெயரே கிடையாது. அவர்கள் எல்லாரும் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில்தான். தன் மூதாதையரைத் தேடுகிற ஒரு கறுப்பினப் பெண், 1870 வரை வந்து, அதற்கு முன்னால் சுவரில் முட்டி நிற்கிறார். அந்தச் சுவரைத் தாண்ட உதவுபவை இந்த மாதிரிச் சொத்து அட்டவணைகள், உயில்கள், அடமானப் பத்திரங்கள். மனிதர்களைச் சொத்தாக எண்ணியதால்தான் பெயர் எழுதினார்கள். கொடுமைதான். ஆனால் இன்று அந்தப் பெயர்களுக்கு அது ஒன்றே சாட்சியாக இருக்கலாம். அட்டவணையின் நகல் கவுண்டி புரொபேட் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெற்கில் எத்தனையோ கோர்ட் கட்டடங்கள் பதிவேடுகளோடு எரிந்து போயிருக்கின்றன. உங்கள் கவுண்டியும் அதில் ஒன்றானால், உங்கள் மாடியில் இருப்பதுதான் மிச்சம். 23 பேரின் கொள்ளுப்பேரர்கள் எங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், கவுன்சிலோடு நடந்த அந்த 1950, 60களின் கடிதங்கள். மிசிசிப்பியில் சம்னர் என்று ஒரு சிற்றூர். 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கொன்றவர்கள் மீது அங்கே வழக்கு நடந்தது. ஊரில் இருந்த ஐந்து வக்கீல்களும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்றார்கள். அவர்கள் விடுதலையானார்கள். அந்த விசாரணையின் எழுத்துப் பதிவு பின்னால் காணாமல் போயிற்று. 2004-ல் எஃப்.பி.ஐ. வழக்கை மறுபடி திறந்து தேடியபோது, மங்கிப்போன ஒரு நகலின் நகல் கிடைத்தது. அதை வரி வரியாகத் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்த சாட்சியம் அது. ஒரு சின்ன ஊர் வக்கீல் அறையில் என்ன கிடக்கும், அது இல்லாமல் போனால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியாது.

அலபாமாவிலும் இதன் வேர் வக்கீல்களின் மேசையில்தான். 1901-ல் மாநில அரசியலமைப்பை எழுதக் கூடிய 155 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். தலைமை தாங்கியவர் ஆனிஸ்டன் ஊர் வக்கீல் ஜான் நாக்ஸ். தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று சட்ட மொழியிலேயே கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்தார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்த இயந்திரம் கவுண்டி கவுண்டியாக எப்படி ஓடியது என்பதை உங்கள் பெட்டி போன்றவைதான் காட்டும். மனு நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அது தங்கள் துணிச்சலின் ரிக்கார்டும்கூட. வேலை போகும், வீடு எரியும் என்று தெரிந்தே மனு கொடுத்தவர்கள் அவர்கள்.

அலபாமாவின் கிளே கவுண்டியில் பிறந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான ஹூகோ பிளாக், 1971-ல் சாவதற்கு முன் தன் ஆலோசனைக் குறிப்புகளை மகனிடம் சொல்லி எரிக்க வைத்தார். நாத்தனார் அதைச் சொல்லக்கூடும். அவை அவரே கைப்பட எழுதியவை, அவருடைய சொந்தக் குறிப்புகள். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பவை அப்படியல்ல. நாத்தனாருக்கு ஒரு மாற்று வழி கொடுங்கள்: அம்மா அப்பாவின் அந்தரங்கக் கடிதங்களை, உயிரோடு இருப்பவர்களின் காலம்வரை மூடி வைக்கும்படி நிபந்தனை போடலாம். சொந்தக் கடிதம் சிலவற்றை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அந்த இரண்டு கட்டுகளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலத்துக் காகிதங்களையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். உயில் எழுதாமல் இறந்தவர்களின் நிலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பிரிபடாத பங்காக இறங்கி வரும் கதை நம் ஊரிலும் உண்டு. தெற்கத்திக் கறுப்பினக் குடும்பங்கள் இதனால் ஏராளமான நிலத்தை இழந்தன. வெளியாள் ஒருவர் ஒரு பங்கை வாங்கி, கோர்ட்டுக்குப் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மற்ற பங்காளிகள் முதலில் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள வழி செய்யும் சட்டத்தை அலபாமா 2014-ல் இயற்றியது. ஆனால் பங்காளி என்று நிரூபிக்க வேண்டுமே? மாமனார் கட்டில் இருக்கும் ஒரு வாரிசு வாக்குமூலமோ, பென்சிலில் போட்ட வம்சாவளியோ ஒரு குடும்பத்தின் 40 ஏக்கரைக் காப்பாற்றலாம்.

ஸ்கேன் செய்தால் போதுமா?

போதாது. ஸ்கேன் என்பது படிப்பதற்கும் பகிர்வதற்கும். 70 பெட்டியை ஒழுங்காக ஸ்கேன் செய்து பெயரிட மூன்று மாதம் போதவும் போதாது. காகிதத்தைக் காப்பதற்கு அதைவிடச் சுலபமான வேலைகள் இருக்கின்றன.

பெட்டிகளை மாடியிலிருந்து குளிர்சாதனம் ஓடும் ஓர் அறைக்கு மாற்றுங்கள். கார் ஷெட்டும் நிலவறையும் வேண்டாம். அலபாமாக் கோடையில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். 50க்குக் கீழே, 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் நிம்மதி. ஏற்கனவே பூஞ்சை வாடை அடிக்கும் பெட்டிகளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

கட்டு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் இருக்கட்டும். தேதிவாரியாகவோ பிரபலமானவர் பெயர்வாரியாகவோ அடுக்க ஆசை வரும். எந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் எந்தப் பத்திரம் கிடந்தது என்பதே ஒரு தகவல். அலமாரியின் ஒவ்வொரு தட்டையும் கலைப்பதற்கு முன் செல்ஃபோனில் படம் எடுத்து, பெட்டிக்கு நம்பர் போடுங்கள். மூன்றாக மடித்து நாடா கட்டிய பழைய கோர்ட் காகிதங்களை வலிய விரிக்காதீர்கள், மடிப்பிலேயே உடையும். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், லாமினேஷனும் வேண்டாம். நான் பார்த்த ஒரு வீட்டில் ரொம்ப அக்கறையாக டேப் போட்டு ஒட்டிய 1860களின் கடிதங்கள், டேப் போட்ட இடத்தில் மட்டும் பழுப்பேறி எழுத்து போயிருந்தன.

1950, 60களில் சூட்டில் நகலெடுத்த தாள்கள் கறுத்துக்கொண்டே போகும். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை அவை. அலமாரியில் பிளாஸ்டிக் பெல்ட் மாதிரி ஏதாவது இருந்தால் வீசிவிடாதீர்கள். அந்தக் கால வக்கீல்கள் குமாஸ்தாவுக்காகக் கடிதத்தைப் பேசிப் பதிந்த டிக்டாபெல்ட் அது, 1947-லிருந்து புழங்கியது. கணவரின் தாத்தா குரலே அதில் இருக்கலாம்.

யாரிடம், எப்படிக் கொடுப்பது

மான்ட்கமரியில் இருக்கும் அலபாமா மாநில ஆவணக் காப்பகம் 1901-ல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் மாநில ஆவணக் காப்பகம். பல்கலைக்கழக நூலகங்களிலும் சட்டக் கல்லூரி நூலகங்களிலும் சிறப்புச் சேகரிப்புப் பிரிவுகள் உண்டு. ஊர் வரலாற்றுச் சங்கம் ஆசையாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்க் காகிதம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற ஆதங்கம் பழையது. 1930-ல் வட கரோலினாவில் தெற்கத்தி வரலாற்றுச் சேகரிப்பைத் தொடங்கிய ஹாமில்டன் என்ற பேராசிரியர் காரில் ஊர் ஊராகப் போய் வீட்டுப் பரண்களிலிருந்து கடிதங்களை அள்ளி வந்தார். பக்கத்து மாநிலத்துக்காரர்கள் அவருக்குச் சூறையாடி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் அவர் அள்ளிப் போனவை இன்றும் இருக்கின்றன. ஊர்ச் சங்கத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வருடம் முழுக்க ஏசி ஓடுமா, சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறாரா, கறுப்பினக் குடும்பத்தார் வந்து தயக்கமில்லாமல் உட்கார்ந்து படிக்க முடியுமா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அங்கே கொடுக்காதீர்கள். ஸ்கேன் நகல் ஒன்றை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

எந்த இடமும் 70 பெட்டியையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களே வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சேர்வதற்கு முன் தானப் பத்திரம் ஒன்றில் கணவரும் நாத்தனாரும் கையெழுத்திட வேண்டும். எது மூடியிருக்கும், எந்த வருடம் திறக்கும், வேண்டாதவற்றைத் திருப்பித் தருவார்களா, ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு விஷயம்: கவர்னர் எழுதிய கடிதத்தின் தாள்தான் உங்களுடையது. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும், இறந்து 70 வருடம்வரை. உங்களிடம் இல்லாத உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நாத்தனார் மகனுக்கு: கவர்னர்களின் கடிதங்களில் பல குமாஸ்தா தட்டச்சு செய்து கவர்னர் கையெழுத்துப் போட்டவை, நினைப்பது போல் விலை போகாது. கட்டிலிருந்து உருவினால் மிச்சக் கட்டின் மதிப்பும் குறையும். எழுதியவரே தன் காகிதத்தைத் தானம் செய்தால் அமெரிக்க வரிச் சட்டத்தில் பெரிய சலுகை இல்லை. வாரிசாகப் பெற்றவர்கள் தானம் செய்தால் சந்தை மதிப்புக்குக் கழிவு கேட்க வாய்ப்பு உண்டு. 5,000 டாலருக்கு மேல் கேட்டால் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும், வாங்கிக்கொள்ளும் காப்பகமே அதைத் தர முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கட்டடத்தை வாங்குபவரின் ஒப்பந்தத்தில், உள்ளே இருக்கும் காகிதங்களும் பெட்டகமும் விற்பனையில் சேராது என்று ஒரு வரி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே பெட்டகம், அந்த உயில்கள். 1857 அட்டவணையை இன்றைக்கே ஒரு சுத்தமான உறையில் தட்டையாக வைத்து, எந்தக் கட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று பென்சிலில் ஒரு சீட்டு எழுதி, அந்தக் கட்டிலேயே திரும்ப வையுங்கள்.